எலக்ட்ரானின் ‘மட்டம்’ எங்கே இருக்கிறது?

பள்ளி ஆய்வகக் கதவு, அறிவியல் கண்காட்சி பேனர், டியூஷன் சென்டர் போர்டு என்று தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அடிக்கடி கண்ணில் படும் படம் ஒன்று உண்டு. நடுவில் ஓர் உருண்டை, அதைச் சுற்றி மூன்று நீள்வட்டங்கள், ஒவ்வொன்றின் மேலும் ஒரு புள்ளி. ஒன்பதாம் வகுப்பில் அணு அமைப்புப் பாடம் வந்ததும் நாமும் காம்பஸ் வைத்து அதையே வரைகிறோம். முதல் வட்டத்தில் இரண்டு புள்ளி, அடுத்ததில் எட்டு, மூன்றாவதில் மிச்சம். மதிப்பெண் கிடைத்துவிடும். கூடவே ஓர் எண்ணமும் மனதில் உட்கார்ந்துவிடும்: எலக்ட்ரான் கிரகம் மாதிரி சுற்றுகிறது, உள்வட்டம் கீழ் மட்டம், வெளிவட்டம் மேல் மட்டம், ஆற்றல் கொடுத்தால் உள்ளேயிருந்து வெளியே தாவும்.

இதில் பாதி சரி. ‘மட்டம்’ என்று ஒன்று இருப்பதற்கு அசைக்க முடியாத சான்று இருக்கிறது. வட்டப்பாதையை மட்டும் இயற்பியலாளர்கள் 1926-லேயே கைவிட்டுவிட்டார்கள். ஆனால் நீட் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளிடம் கேட்டாலும், மட்டம் என்றதும் கருவிலிருந்து இவ்வளவு தூரம் என்று கையால் காட்டுகிறார்கள். அது தூரக் கணக்கு இல்லை, ஆற்றல் கணக்கு. அந்தக் கணக்கை மனிதர்கள் எப்படிப் பிடித்தார்கள் என்று வரிசையாகப் பார்த்தால் குழப்பம் விலகும். பத்தாம் வகுப்புக் கணக்கும் போனில் இருக்கும் கால்குலேட்டரும் போதும்.

எடையில் தொடங்கிய அணு

பொருளைப் பிரித்துக்கொண்டே போனால் பிரிக்க முடியாத துகளில் போய் நிற்கும் என்ற சிந்தனை கிரேக்கத்திலும் இருந்தது, நம் நாட்டு வைசேஷிகம் என்ற தத்துவத்திலும் இருந்தது. அது தர்க்கம். தராசில் நிறுத்துப் பார்த்த சான்றோடு வந்தவர் மான்செஸ்டரில் பாடம் சொல்லிக்கொடுத்துப் பிழைத்த ஜான் டால்டன். 1803-க்கும் 1808-க்கும் இடையில் அவர் தன் அணுக் கொள்கையை உருவாக்கி வெளியிட்டார்.

அவர் பார்த்ததை இன்றைய எண்களில் சொல்கிறேன். 12 கிராம் கார்பன் 16 கிராம் ஆக்சிஜனோடு சேர்ந்தால் கார்பன் மோனாக்சைடு. அதே 12 கிராம் 32 கிராம் ஆக்சிஜனோடு சேர்ந்தால் கார்பன் டை ஆக்சைடு. 16, 32 இரண்டுக்கும் நடுவில் 20 என்றோ 27 என்றோ ஒரு சேர்மம் கிடையாது. ஆக்சிஜன் துண்டு துண்டாகத்தான் வந்து சேர்கிறது, அரைத் துண்டு வருவதில்லை என்றால் மட்டும் இது புரியும். அந்தத் துண்டுதான் அணு.

டால்டனின் அணுவுக்கு உள்ளே ஒன்றுமில்லை. உள்ளே ஏதோ இருக்கிறது என்று காட்டியவர் ஜே. ஜே. தாம்சன். 1897-ல், காற்றை உறிஞ்சி எடுத்த கண்ணாடிக் குழாயில் மின்சாரம் பாய்ச்சும்போது எதிர்மின் முனையிலிருந்து வரும் கதிரை அவர் ஆராய்ந்தார். எந்த உலோகத்தை வைத்தாலும் ஒரே வகைத் துகள்தான் வந்தது. எதிர்மின்சுமை கொண்டது, ஹைட்ரஜன் அணுவைவிட மிக மிக லேசானது. அதன் நிறை ஹைட்ரஜன் அணுவின் நிறையில் 1800-ல் ஒரு பங்குகூட இல்லை என்று இன்று அளந்திருக்கிறோம். இதுதான் எலக்ட்ரான்.

எதிர்மின்சுமை இருந்தால் அதைச் சரிக்கட்ட நேர்மின்சுமையும் இருக்க வேண்டுமே. அது அணு முழுக்கப் பரவியிருக்கும் என்று தாம்சன் நினைத்தார். மான்செஸ்டரில் ரதர்ஃபோர்டின் மேற்பார்வையில் கெய்கரும் மார்ஸ்டன் என்ற மாணவரும் 1909-ல் செய்த சோதனை அதை உடைத்தது. மிக மெல்லிய தங்கத் தகட்டின் மீது ஆல்ஃபா துகள்களை, அதாவது கதிரியக்கத் தனிமங்கள் உமிழும் கனமான நேர்மின் துகள்களை, செலுத்தினார்கள். ஏறக்குறைய எல்லாமே நேராகத் தாண்டிப் போயின. பல ஆயிரத்தில் ஒன்று மட்டும் வந்த வழியே திரும்பியது. நேர்மின்சுமையும் நிறையும் ஒரு சின்னஞ்சிறு இடத்தில் குவிந்திருந்தால்தான் அப்படித் திருப்பி அடிக்க முடியும். 1911-ல் ரதர்ஃபோர்டு அந்த முடிவை வெளியிட்டார். அந்தக் குவியலுக்குப் பெயர் அணுக்கரு. தங்க அணுவை ஒரு கிலோமீட்டர் அகலத்துக்குப் பெரிதாக்கினால் அதன் கரு ஐந்து சென்டிமீட்டர் அளவில்தான் இருக்கும்.

அங்கேயே ஒரு சிக்கலும் பிறந்தது. எலக்ட்ரான் சும்மா நின்றால் கரு இழுத்துக்கொள்ளும். சரி, சுற்றுகிறது என்று வைத்தால், திசை மாறிக்கொண்டே ஓடும் மின்சுமை ஒளியை உமிழ்ந்துகொண்டே இருக்க வேண்டும். இது அன்றைக்கே உறுதியாகியிருந்த மின்காந்த விதி. உமிழ உமிழ ஆற்றல் குறையும், பாதை சுருங்கும், கடைசியில் எலக்ட்ரான் கருவில் போய் விழும். கணக்குப் போட்டால், ஒரு நொடியைப் பத்தாயிரம் கோடிப் பங்காக்கி அதில் ஒன்றிரண்டு பங்கு நேரத்தில் அணு காலி. நாமும் நம் கிரானைட் மலைகளும் இன்னும் இருக்கிறோம் என்பதே அந்தப் படம் தவறு என்பதற்குச் சாட்சி.

இதுவரை: அணு உண்டு, அதற்குள் எலக்ட்ரானும் கருவும் உண்டு, எலக்ட்ரான் கிரகம்போலச் சுற்றினால் அணு நிலைக்காது. ஆய்வகக் கதவில் இருக்கும் படம் பிறந்த அன்றே நோயாளி.

ஒளியில் இருந்த கோடுகள்

விடைக்கான தடயம் எலக்ட்ரானைக் கண்டுபிடிப்பதற்கு வெகு முன்பே கையில் இருந்தது. யாருக்கும் அதைப் படிக்கத் தெரியவில்லை.

கேஸ் அடுப்பில் உப்புப் போட்ட தண்ணீர் பொங்கி வழிந்தால் நீலச் சுடர் சட்டென்று மஞ்சளாகும். அது உப்பிலுள்ள சோடியத்தின் நிறம். எல்.இ.டி வருவதற்கு முன்பு நெடுஞ்சாலை விளக்குகள் பலவும் ஒரு மாதிரி மஞ்சளாக எரிந்ததும் சோடியத்தால்தான். முப்பட்டகத்தின் வழியே அந்தச் சுடரைப் பார்த்தால் வானவில் விரியாது. மஞ்சளில் ஒட்டி ஒட்டி இரண்டு கோடுகள்தான் பளிச்சென்று தெரியும். ஒளியை இப்படி நிறம் நிறமாகப் பிரித்து வைத்த பட்டைக்கு நிறமாலை என்று பெயர். ஒவ்வொரு நிறத்துக்கும் ஓர் அலைநீளம் உண்டு, அதை நானோமீட்டரில், அதாவது மீட்டரின் நூறு கோடியில் ஒரு பங்கில், சொல்வார்கள். சோடியத்தின் இரண்டு கோடுகள் 589.0, 589.6 நானோமீட்டர்.

1814-ல் ஃப்ரான்ஹோஃபர் சூரிய ஒளியின் நிறமாலையில் நூற்றுக்கணக்கான கறுப்புக் கோடுகளைக் குறித்துவைத்தார். 1859, 1860 வாக்கில் கிர்க்காஃப், புன்சன் இருவரும் ஒவ்வொரு தனிமத்துக்கும் அதற்கே உரிய கோடுகள் உண்டு, வேறு தனிமத்துக்கு அதே வரிசை வராது என்று நிறுவினார்கள். அந்த முறையிலேயே சீசியம், ருபீடியம் என்ற இரண்டு புதிய தனிமங்களையும் பிடித்தார்கள்.

இதில் நம் பக்கத்து மாநிலத்துக்கும் பங்கு உண்டு. 1868 ஆகஸ்ட் 18 அன்று முழு சூரிய கிரகணத்தை குண்டூரிலிருந்தும் மசூலிப்பட்டினத்திலிருந்தும் வானியலாளர்கள் பார்த்தார்கள். சூரியனின் விளிம்பில் எழும் சுவாலைகளில் சோடியத்தின் கோடுகளுக்கு வெகு அருகில் ஒரு மஞ்சள் கோடு தெரிந்தது. அது சோடியத்துடையது இல்லை, பூமியில் யாரும் காணாத ஒரு தனிமத்துடையது என்று இங்கிலாந்தின் லாக்யர் வாதிட்டார். அந்தத் தனிமம்தான் ஹீலியம். பூமியில் அது அகப்பட 1895 ஆனது. ஒரு கோட்டை நம்பிப் பேசிய பேச்சு 27 ஆண்டுகள் கழித்து உண்மையானது. நிறமாலைக் கோடு எவ்வளவு கறாரான அடையாளம் என்பதற்கு இதைவிட நல்ல கதை எனக்குத் தெரியாது.

ஹைட்ரஜன்தான் இருப்பதிலேயே எளிய அணு. கண்ணுக்குத் தெரியும் அதன் முக்கியக் கோடுகள் நான்கு: 656, 486, 434, 410 நானோமீட்டர். சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் பெண்கள் பள்ளி ஒன்றில் கணக்குச் சொல்லிக்கொடுத்த பால்மர், 1885-ல் அறுபது வயதை நெருங்கும்போது இந்த நான்கு எண்களுக்குள் ஓர் ஒழுங்கைக் கண்டுபிடித்தார். கால்குலேட்டரை எடுங்கள். 364.5 என்ற எண்ணை 9/5 ஆல் பெருக்குங்கள், 656 வரும். 16/12 ஆல் பெருக்கினால் 486. 25/21 ஆல் பெருக்கினால் 434. 36/32 ஆல் பெருக்கினால் 410. மேலே இருப்பவை 3, 4, 5, 6-இன் வர்க்கங்கள். கீழே இருப்பது ஒவ்வொன்றிலும் 4 குறைவு. அணுவுக்குள் எட்டிப் பார்க்காமலே, நான்கு எண்களை வைத்து உட்கார்ந்து கண்டுபிடித்த சூத்திரம் இது. ஏன் இப்படி வருகிறது என்பது அவருக்கும் தெரியாது, அடுத்த 28 ஆண்டுகளுக்கு வேறு யாருக்கும் தெரியவில்லை.

கீழே கிடக்கும் டிக்கெட்டுகள்

இந்த இடத்தில் ஒரு பஸ்ஸைப் பிடிப்போம். தருமபுரியில் கிளம்பி காரிமங்கலம், காவேரிப்பட்டணம் வழியாகக் கிருஷ்ணகிரி போகிறது. உண்மையான கட்டணம் வேறு, கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: தருமபுரியிலிருந்து காரிமங்கலம் 20 ரூபாய், காவேரிப்பட்டணம் 35, கிருஷ்ணகிரி 45. இடையில் ஏறுபவருக்கு வித்தியாசம் மட்டும் டிக்கெட்.

பஸ்ஸையே பார்த்திராத, அந்தச் சாலையும் தெரியாத ஒருவர் கையில், பயணிகள் கசக்கிப் போட்ட டிக்கெட்டுகளை மட்டும் ஒரு மூட்டையாகக் கொடுக்கிறோம். ஊர்ப் பெயர் அழிந்துவிட்டது, தொகை மட்டும் தெரிகிறது. பிரித்துப் பார்த்தால் ஆறே வகை: 10, 15, 20, 25, 35, 45. 17 ரூபாய் டிக்கெட் ஒன்றுகூட இல்லை. அப்புறம் அவர் கூட்டிப் பார்க்கிறார். 20-உம் 15-உம் சேர்ந்தால் 35. 15-உம் 10-உம் சேர்ந்தால் 25. 20-உம் 25-உம் சேர்ந்தால் 45. இது தற்செயல் இல்லை என்று புரிகிறது. 0, 20, 35, 45 என்று நான்கு ஸ்டேஜ் இருந்தால் போதும், ஆறு வகை டிக்கெட்டும் அவற்றின் வித்தியாசமாக வந்துவிடும்.

நிறமாலைக் கோடு என்பது டிக்கெட். ஆற்றல் மட்டம் என்பது ஸ்டேஜ் கட்டணம். கோடுகளை இப்படிக் கூட்டிக் கழித்துப் பொருத்தலாம் என்பதை வால்டர் ரிட்ஸ் 1908-ல் ஒரு விதியாகவே சொன்னார். அலைநீளமாக இல்லாமல் அதிர்வெண்ணாக, அதாவது ஒளி அலை நொடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்று எழுதிக்கொண்டால், ஒரு தனிமத்தின் இரண்டு கோடுகளின் கூட்டல் அல்லது கழித்தல் பல சமயம் அதே தனிமத்தின் மூன்றாவது கோடாக இருக்கும்.

மூட்டையைப் பிரித்தவருக்குத் தெரியாதது எது என்பதையும் கவனியுங்கள். காரிமங்கலம் எந்தத் திசையில் இருக்கிறது, எத்தனை கிலோமீட்டர், சாலை நேரா வளைவா, எதுவும் தெரியாது. அவருக்குத் தெரிந்தது கட்டண அட்டவணை மட்டும். அணு விஷயத்திலும் ஒளி நமக்குத் தந்தது அவ்வளவுதான். பஸ் உவமை ஓர் இடத்தில் பழுதாகும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்: பஸ் வழியிலுள்ள ஒவ்வொரு புளியமரத்தையும் கடந்துதான் அடுத்த ஸ்டேஜுக்குப் போகிறது. எலக்ட்ரானின் ஆற்றலை அளந்தால் இரண்டு மட்டங்களுக்கு நடுவிலான மதிப்பு கிடைப்பதே இல்லை.

நீல்ஸ் போர் போட்ட கணக்கு

டென்மார்க்காரரான நீல்ஸ் போர் 1912-ல் ரதர்ஃபோர்டிடம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். 1913 தொடக்கத்தில் நண்பர் ஒருவர் பால்மர் சூத்திரத்தைக் கவனிக்கச் சொன்னார். அதைப் பார்த்ததுமே விஷயம் விளங்கிவிட்டது என்று பின்னாளில் போர் சொல்லியிருக்கிறார். அப்போது அவருக்கு வயது 27.

அவர் வைத்த விதிகள் துணிச்சலானவை. அணுவுக்குள் எலக்ட்ரான் குறிப்பிட்ட சில ஆற்றல்களில் மட்டுமே இருக்க முடியும். அவற்றில் ஒன்றில் இருக்கும்வரை ஒளி உமிழாது. மேல் மட்டத்திலிருந்து கீழ் மட்டத்துக்கு வந்தால், வித்தியாசம் முழுவதும் ஒரே பொட்டலமாக ஒளியாய் வெளியேறும். ஏன் உமிழாது என்று கேட்டால் அவரிடம் பதில் இல்லை. உமிழாது, அவ்வளவுதான். கணக்கு சரியாக வந்ததால்தான் உலகம் அவரைப் பொறுத்துக்கொண்டது.

அந்த ஒளிப் பொட்டலத்துக்கு ஃபோட்டான் என்று பெயர். ஆற்றல் பொட்டலமாகக் கைமாறுகிறது என்பதை 1900-ல் மாக்ஸ் பிளாங்க் தொடங்கிவைத்தார், ஒளியே அப்படித்தான் என்று 1905-ல் ஐன்ஸ்டைன் சொன்னார். ஒரு ஃபோட்டானின் ஆற்றலை அதன் நிறம் முடிவு செய்கிறது. விளக்கு மங்கலா பிரகாசமா என்பது பொட்டலங்களின் எண்ணிக்கையைத்தான் மாற்றும். கணக்குக்கு ஓர் எளிய வழி உண்டு: 1240-ஐ நானோமீட்டரில் உள்ள அலைநீளத்தால் வகுத்தால் ஃபோட்டானின் ஆற்றல் எலக்ட்ரான் வோல்ட்டில் கிடைக்கும். ஓர் எலக்ட்ரான் 1 வோல்ட் மின்னழுத்தத்தைக் கடக்கும்போது பெறும் ஆற்றலே 1 எலக்ட்ரான் வோல்ட். டிவி ரிமோட்டில் போடும் பேட்டரி ஓர் எலக்ட்ரானுக்குக் கொடுப்பது 1.5 எலக்ட்ரான் வோல்ட்.

ஹைட்ரஜனுக்கு போர் சொன்ன மட்டங்கள் இவை: 13.6-ஐ 1, 4, 9, 16, 25, 36 என்று வர்க்கங்களால் வகுத்து, முன்னால் மைனஸ் போட வேண்டும். முதல் மட்டம் -13.6 எலக்ட்ரான் வோல்ட், இரண்டாவது -3.40, மூன்றாவது -1.51, நான்காவது -0.85, ஐந்தாவது -0.54, ஆறாவது -0.38. மைனஸ் என்பதைப் பார்த்து மிரள வேண்டாம். கருவை விட்டு முழுவதுமாக விடுபட்டு நிற்கும் எலக்ட்ரானின் ஆற்றலைப் பூஜ்யம் என்று வைத்திருக்கிறோம். கட்டுண்ட எலக்ட்ரானை விடுவிக்க ஆற்றல் போட வேண்டும் என்பதால் அது பூஜ்யத்துக்குக் கீழே. ஆகக் கீழான மட்டத்துக்கு அடிநிலை என்று பெயர், மற்றவை கிளர்வு நிலைகள்.

இப்போது சரிபார்ப்போம். மூன்றாவது மட்டத்திலிருந்து இரண்டாவதுக்கு வந்தால் வித்தியாசம் 1.89. சிவப்புக் கோட்டுக்கு 1240-ஐ 656-ஆல் வகுங்கள், 1.89. நான்காவதிலிருந்து இரண்டாவதுக்கு 2.55, நீலப்பச்சைக் கோட்டுக்கு 1240-ஐ 486-ஆல் வகுத்தாலும் 2.55. ஐந்தாவதும் ஆறாவதும் அப்படியே பொருந்தும், நீங்களே போட்டுப் பாருங்கள். இரண்டாவதிலிருந்து முதலாவதுக்கு வந்தால் 10.2 எலக்ட்ரான் வோல்ட், அது சுமார் 122 நானோமீட்டர் புற ஊதா ஒளி. கண்ணுக்குத் தெரியாத அந்தக் கோட்டையும் லைமன் என்பவர் ஏற்கெனவே பதிவு செய்திருந்தார்.

ஃப்ரான்ஹோஃபரின் கறுப்புக் கோடுகளும் இதே அட்டவணைதான், திசை மட்டும் தலைகீழ். சூரியனின் வெளியடுக்கில் இருக்கும் அணுக்கள், உள்ளிருந்து வரும் ஒளியில் தங்களுக்குப் பொருந்தும் ஃபோட்டான்களை மட்டும் விழுங்கி மேல் மட்டத்துக்குப் போகின்றன. விழுங்கிய இடம் கறுப்பாகத் தெரிகிறது.

சுருக்கமாக: கோட்டின் நிறம் இரண்டு மட்டங்களின் ஆற்றல் வித்தியாசத்தைச் சொல்கிறது. மட்டங்களின் பட்டியல் ஒவ்வொரு தனிமத்துக்கும் வேறு. அதனால்தான் கோடுகளும் வேறு.

ஒளியை விட்டுவிட்டு ஒரு சோதனை

இதெல்லாம் ஒளியைப் பற்றிய விதியாகவும் இருக்கலாமே, அணுவைப் பற்றியது என்று எப்படிச் சொல்வது? 1914-ல் ஜேம்ஸ் ஃபிராங்க், குஸ்தாவ் ஹெர்ட்ஸ் இருவரும் பாதரச ஆவி நிரப்பிய குழாயில் எலக்ட்ரான்களை ஓடவிட்டார்கள். எலக்ட்ரான்களின் ஆற்றல் 4.9 எலக்ட்ரான் வோல்ட்டுக்குக் குறைவாக இருந்தவரை அவை பாதரச அணுக்களில் முட்டி முட்டி ஆற்றல் குறையாமலே விலகின. 4.9-ஐத் தொட்டதும் மொத்த ஆற்றலையும் அணுவிடம் கொடுத்துவிட்டுச் சோர்ந்தன. மூன்று கொடுத்தாலும் நான்கு கொடுத்தாலும் அணு வாங்கவில்லை, 4.9 கொடுத்தால்தான் வாங்கியது. வாங்கியதை 254 நானோமீட்டர் ஒளியாக உமிழ்ந்தது. 1240-ஐ 254-ஆல் வகுத்தால் 4.9 வருகிறது.

பழைய டியூப்லைட் ஒன்று வீட்டில் இன்னும் எரிந்துகொண்டிருந்தால் உள்ளே நடப்பது ஏறக்குறைய இதே சோதனைதான். பாதரச ஆவி 254 நானோமீட்டர் புற ஊதாவை உமிழ்கிறது, கண்ணாடியின் உட்புறம் பூசிய வெள்ளைப் பொடி அதை வாங்கிக் கண்ணுக்குத் தெரியும் ஒளியாக மாற்றித் தருகிறது.

ஓசூர் பட்டறைகளில் ஸ்பெக்ட்ரோ

ஓசூர் பக்கம் இரும்பு வார்க்கும் பட்டறையில் வேலை செய்பவர்களுக்கு ‘ஸ்பெக்ட்ரோ’ அன்றாடச் சொல். உலையில் உருகியதிலிருந்து கொஞ்சம் எடுத்துக் காசு அளவுக்கு வார்த்து, முகத்தைத் தேய்த்துச் சமமாக்கி, கருவியில் வைப்பார்கள். ஆர்கான் வாயு சூழ ஒரு மின்பொறி அதன்மேல் அடிக்கும். பொறியின் சூட்டில் ஆவியான அணுக்களில் எலக்ட்ரான்கள் மேல் மட்டங்களுக்குப் போய்த் திரும்புகின்றன. வரும் ஒளியைக் கருவி கோடு கோடாகப் பிரித்து, எந்தக் கோடு எவ்வளவு பிரகாசம் என்று அளக்கிறது. கோட்டின் இடம் எந்தத் தனிமம் என்று சொல்லும். பிரகாசம் எவ்வளவு என்று சொல்லும். கார்பன், சிலிக்கான், மாங்கனீசு, பாஸ்பரஸ், சல்பர் என்று சதவீதம் அச்சாகி வந்துவிடும்.

கார்பனுக்கு வழக்கமாகப் பார்க்கும் கோடு 193 நானோமீட்டரில் இருக்கிறது. பாஸ்பரஸ், சல்பருக்கு இன்னும் கீழே, 180 பக்கம். அந்த ஒளியைக் காற்றே விழுங்கிவிடும். ஆர்கான் தீர்ந்தால் ஸ்பெக்ட்ரோ அறையில் கூச்சல் எழுவதற்கு இதுவும் ஒரு காரணம். 1913-இன் சித்தாந்தம் என்று பாடப்புத்தகம் ஒதுக்கி வைத்திருப்பதை வைத்து, கார்பன் கூடிவிட்டதா என்று ஒவ்வொரு உருக்குக்கும் ஓசூரில் முடிவெடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

வட்டப்பாதை போனது, எண்கள் நின்றன

போரின் மாதிரி ஹைட்ரஜனோடு சரி. இரண்டு எலக்ட்ரான் உள்ள ஹீலியத்துக்கே கணக்கு உதைத்தது. ஒரு கோடு ஏன் பளிச்சென்றும் இன்னொன்று ஏன் மங்கலாகவும் இருக்கிறது என்றும் அதனால் சொல்ல முடியவில்லை.

1924-ல் லூயி டி பிராய், எலக்ட்ரானுக்கு அலைத்தன்மையும் உண்டு என்றார். 1926-ல் ஷ்ரோடிங்கர் அந்த அலைக்கான சமன்பாட்டை எழுதினார். கருவின் ஈர்ப்பில் கட்டுண்ட எலக்ட்ரானின் அலை, கருவை விட்டுத் தள்ளிப் போகப் போகத் தேய்ந்து மறைய வேண்டும். எல்லா ஆற்றலுக்கும் அப்படி மறைவதில்லை. குறிப்பிட்ட சில ஆற்றல்களுக்கு மட்டுமே அலை ஒழுங்காக அடங்குகிறது, மற்றவற்றுக்கு வரம்பில்லாமல் பெருகிப் பயனற்றுப் போகிறது. அடங்கும் ஆற்றல்களைக் கணக்கிட்டால் ஹைட்ரஜனுக்கு அதே -13.6, -3.40, -1.51. போர் கட்டளையாகப் போட்டது இங்கே கணிதத்திலிருந்து தானாக விழுந்தது.

ஆனால் பாதை என்று ஒன்று இதில் இல்லை. எலக்ட்ரான் எந்த இடத்தில் எவ்வளவு வாய்ப்போடு அகப்படும் என்று மட்டும்தான் அலை சொல்கிறது. அந்த அலை வடிவத்துக்குத்தான் ஆர்பிட்டால் என்று பெயர். ஹைட்ரஜனின் அடிநிலையில் எலக்ட்ரான் அதிகம் அகப்படும் தூரம் 0.053 நானோமீட்டர், போர் வரைந்த முதல் வட்டத்தின் ஆரமும் அதுவே. ஆனால் அதைப் போல இரண்டு மடங்கு தூரத்துக்கு அப்பால் அதே எலக்ட்ரான் அகப்படும் வாய்ப்பு சுமார் 24 விழுக்காடு. மேல் மட்டத்திலுள்ள எலக்ட்ரான் கருவுக்கு மிக அருகிலும் அகப்படும். இரண்டு மட்டங்களின் இடங்களும் ஒன்றன்மேல் ஒன்று பரவிக் கிடக்கின்றன, ஆற்றல்கள் மட்டும்தான் கறாராகப் பிரிந்து நிற்கின்றன. இன்னொரு சங்கதி: அந்த அடிநிலையில் எலக்ட்ரானுக்குக் கருவைச் சுற்றும் சுழற்சி பூஜ்யம். ஆய்வகக் கதவுப் படத்தில் எதை அழுத்தி வரைகிறோமோ அதுவே அங்கு இல்லை.

சரி, சுற்றவில்லை என்றால் ஏன் கருவில் விழவில்லை? அலையைச் சின்ன இடத்துக்குள் நெருக்க நெருக்க எலக்ட்ரானின் இயக்க ஆற்றல் ஏறும். கருவுக்கு அருகில் போவதால் மிச்சமாகும் ஆற்றலைவிட இந்த ஏற்றம் வேகமானது. இரண்டும் சமாதானமாகும் இடம்தான் அடிநிலை. அதற்குக் கீழே ஒரு மட்டம் கிடையாது, எனவே விழுவதற்கும் இடமில்லை.

அப்படியானால் ஒன்பதாம் வகுப்பில் வட்டம் வரைவதை நிறுத்த வேண்டுமா? வேண்டாம் என்பேன். எந்த மட்டத்தில் எத்தனை எலக்ட்ரான் என்று எண்ணுவதற்கு அது நல்ல குறிப்பேடு. அணுவின் போட்டோ என்று நினைக்காத வரை தொந்தரவு இல்லை.

ஃப்ளோரினும் ஃப்ளோரைடும்

எண்ணிக்கை என்றதும், நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம் என்ற நம் பக்கத்துத் தண்ணீர்ப் பிரச்சினை ஞாபகம் வருகிறது. ஃப்ளோரைடு, ஃப்ளோரின் என்று இரண்டையும் மாற்றி மாற்றிப் பேசுகிறோம், நடத்தையில் இரண்டுக்கும் தூரம் அதிகம்.

ஓர் அணுவில் எல்லா எலக்ட்ரான்களும் அடிமட்டத்தில் போய் உட்கார முடியாது. 1925-ல் வுல்ஃப்காங் பாலி சொன்ன விதிப்படி முதல் மட்டத்தில் இரண்டுக்குத்தான் இடம், இரண்டாவதில் எட்டுக்கு. ஃப்ளோரின் அணுவில் ஒன்பது எலக்ட்ரான்: முதலில் இரண்டு, அடுத்ததில் ஏழு. ஓர் இடம் காலி. வெளியிலிருந்து ஓர் எலக்ட்ரான் அங்கே வந்தால் அது 3.4 எலக்ட்ரான் வோல்ட் இறங்குகிறது, அவ்வளவு ஆற்றல் வெளிப்படுகிறது. எனவே ஃப்ளோரின் வாயு எதைப் பார்த்தாலும் பாய்ந்து எலக்ட்ரானைப் பிடுங்கும். மற்ற பொருள்களோடு அது அப்படி ஒட்டிக்கொள்வதால் 1886-ல்தான் ஹென்றி மோய்சான் அதைத் தனியாகப் பிரித்தெடுத்தார். எலக்ட்ரானைப் பிடுங்கிக்கொண்ட பிறகு அது ஃப்ளோரைடு. பத்து எலக்ட்ரான், நியான் போலவே நிரம்பிய மட்டம், ஆத்திரம் அடங்கிவிட்டது. நம் பாறைகளிலுள்ள கனிமங்களிலிருந்து நிலத்தடி நீரில் கரைந்து வருவது இந்த அடங்கிய ஃப்ளோரைடுதான். பல்லிலும் எலும்பிலும் உள்ள கனிமத்தில் ஹைட்ராக்சைடு என்ற அயனி, அதாவது மின்சுமை ஏறிய ஓர் அணுக் கூட்டம், இருக்கிறது. ஃப்ளோரைடும் ஏறக்குறைய அதே பருமன், அதே மின்சுமை. எனவே அதன் இடத்தில் அமைதியாக உட்கார்ந்துகொள்கிறது. அது அளவுக்கு மீறுவதால் பழுப்புக் கறை படிந்த பற்கள் நம் ஊர்களில் பல தலைமுறைக்குப் பழக்கமானவை.

இங்கேதான் ‘தண்ணீரின் எனர்ஜி லெவலை உயர்த்தும்’ என்று சொல்லிக் கருவியும் பாட்டிலும் விற்க வருகிறார்கள். ஒரு தண்ணீர் மூலக்கூறின் எலக்ட்ரானை அடுத்த மட்டத்துக்கு ஏற்ற ஏறக்குறைய 7 எலக்ட்ரான் வோல்ட் வேண்டும். சாதாரண வெப்பநிலையில் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று மோதிக் கைமாறும் ஆற்றல் 0.025 எலக்ட்ரான் வோல்ட் அளவுதான். அப்படியே புற ஊதாவால் ஏற்றிவிட்டாலும் மூலக்கூறு உடைந்துபோகும், ஏறிய நிலையில் பாட்டிலுக்குள் காத்திருக்காது. கிளர்ந்த சோடியம் அணுவே ஒரு நொடியின் பத்துக் கோடியில் இரண்டு பங்குக்குள் பெரும்பாலும் கீழே வந்துவிடுகிறது. காந்தம் வைத்தோ மந்திரக் கல் போட்டோ தண்ணீரின் மட்டத்தை ஏற்றி வீட்டுக்கு எடுத்துவருவது நடக்காத காரியம்.

நிரம்பிய மட்டத்தோடு கரைந்திருக்கும் ஃப்ளோரைடைக் கொதிக்கவைத்தும் விரட்ட முடியாது. தண்ணீர் ஆவியாகப் போய், மிச்சத்தில் அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும். துணி வடிகட்டியும் பயன்படாது. ஆர்.ஓ அல்லது ஆக்டிவேட்டட் அலுமினா வடிகட்டி பிடித்துக்கொள்ளும், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் கிடைக்கும் இடத்தில் குடிக்கவும் சமைக்கவும் அதையே வைத்துக்கொள்ளலாம். உங்கள் ஆழ்துளைக் கிணற்றில் எவ்வளவு இருக்கிறது என்று தெரிய வேண்டுமென்றால், சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலில் பிடித்துக் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுங்கள். கண்ணாடிப் பாட்டில் வேண்டாம், ஃப்ளோரைடு கண்ணாடியோடு வினைபுரியக்கூடும். அறிக்கையில் லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று வரும். 1-க்குள் இருந்தால் நல்லது. வேறு தண்ணீர் இல்லாத இடத்தில் 1.5 வரை இந்தியத் தர நிர்ணயம் அனுமதிக்கிறது. அதற்கு மேல் போனால் அந்தத் தண்ணீரைத் துணி துவைக்கவும் செடிக்கு விடவும் வைத்துக்கொள்ளுங்கள்.